மழை 31.2: ஒரு மாணவிக்கு நான் சொன்ன ஆலோசனை

மலைநாட்டில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் புவியியல் படிப்பிக்கிறேன். பாடம் எடுப்பதோடு வருடா வருடம் முப்பது, முப்பத்தைந்து பிள்ளைகளுக்குக் கல்வி ஆலோசகர் என்ற பொறுப்பும் என் தலையில் உண்டு. எந்தப் பாடத்தை எடுப்பது, நான்கு வருட ஸ்பெஷல் பட்டம் செய்வதா மூன்று வருட ஜெனரலோடு முடிப்பதா, ஒரு பரீட்சை தவறினால் அடுத்து என்ன, ஹொஸ்டலில் பிரச்சினை வந்தால் யாரிடம் போவது, எல்லாம் இதற்குள் வரும். அப்படி ஒரு பிள்ளைக்கு நான் கொடுத்த ஆலோசனை பிழையாகப் போனது. எந்த நாளில் எந்த இடத்தில் பிழைத்தது என்று பழைய குறிப்புகளையும் தாள்களையும் எடுத்துவைத்துப் பார்த்தேன். புதிதாகச் சேர்ந்த இரண்டு விரிவுரையாளர்கள் கேட்டதால் அதை முழுதாக எழுதுகிறேன். அந்தப் பிள்ளை வாசித்து, இரண்டு இடத்தில் என்னைத் திருத்தி, சரி போடுங்க என்று சொன்ன பிறகுதான் இது வெளியே வருகிறது. ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

பிள்ளையும் நானும்

வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம், மேக்கணக்கு என்ற மேற்பிரிவில் லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடு. அப்பா கவ்வாத்து வெட்டுபவர், அம்மா கொழுந்து எடுப்பவர். அந்த நேரத்தில் ஒரு நாள் பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, எல்லாக் கொடுப்பனவும் சேர்த்து 730 ரூபாய், அதில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாய்தான், மிச்சத்தில் பெரும்பகுதி வேலைக்கு வந்த நாள், கொழுந்தின் நிறை என்று நிபந்தனையோடு வருவது. ஒரு தங்கச்சி, சாதாரண தரத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இவளுக்கு மகாபொல புலமைப்பரிசில் மாதம் 5,000 ரூபாய் கிடைத்தது. 2017இல் முதலாம் வருடம். லெக்சரில் மூன்றாவது வரிசை, ஜன்னல் ஓரம், கேள்வி கேட்டால் குனிந்துகொள்வாள், எழுதச் சொன்னால் நன்றாக எழுதுவாள்.

இவ்வளவும் தெரிந்ததும் எனக்கு அவளை முழுதாகத் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். காரணம், நானும் லயத்துப் பிள்ளை. நான் கெம்பஸ் வந்த வருடம்தான் என் அண்ணன் படிப்பை விட்டுவிட்டுக் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனார். அவர் அனுப்பிய காசில்தான் நான்கு வருடமும் ஓடியது. நான் ஸ்பெஷல் செய்ததால் ஒரு வருடம் கூடியது, அந்த ஒரு வருடமும் அண்ணன் கடையிலேயே இருந்தார், பிறகு அவர் திரும்பிப் படிக்கவே இல்லை. இதை நான் யாரிடமும் பெரிதாகச் சொன்னதில்லை. ஆனால் தோட்டத்துப் பிள்ளை ஒன்று என் முன்னால் உட்கார்ந்தால் அண்ணனும் கூடவே வந்து உட்கார்ந்துவிடுவார். இந்த நிகழ்வில் நடந்த பிழையின் பாதி அங்கே இருக்கிறது.

31.2

மிச்சப் பாதி ஒரு எசைன்மன்டில் இருக்கிறது. காலநிலையியல் பாடத்துக்கு நான் வருடா வருடம் கொடுக்கும் வேலை: ஒரு இடத்தின் பத்து வருட மாத மழைவீழ்ச்சியை எடுத்து, வரைபு கீறி, சராசரி, நியம விலகல், மாறற் குணகம் கணித்து, அந்த இடத்து மழை எவ்வளவு நிலையானது என்று எழுத வேண்டும். நுவரெலியா, பதுளை, கட்டுகஸ்தோட்டை நிலையங்களின் தரவை நானே கொடுத்துவிடுவேன். வேறு தரவு கிடைத்தால் கொண்டுவரலாம் என்றும் ஒரு வரி போட்டிருப்பேன், யாரும் கொண்டுவருவதில்லை. எல்லாரும் நான் கொடுத்ததையே எடுப்பார்கள், விடைகளும் ஏறக்குறைய ஒரேமாதிரி வரும், திருத்துவதும் லேசு.

இவள் மட்டும் வேறு எண்கள் வைத்திருந்தாள். கையால் கீறிய அட்டவணை, தலைப்பில் 'மழை' என்று மட்டும். கீழே 4.1, 11.7, 28.3 என்று போகிறது. ஒரு ஜூலைக்கு 31.2. அவளுடைய வட்டவளை இருக்கும் மேற்குச் சரிவில், தென்மேல் பருவமழை முகத்தில் அறைகிற இடத்தில், ஜூலை மாதம் 31.2 மில்லிமீற்றர் மழையா? அது வறண்ட பிரதேசத்துக்குச் சொல்ல வேண்டிய கணக்கு. நுவரெலியா நகரத்தில் வருடத்துக்கு 1,900 மில்லிமீற்றர் அளவில் பெய்தால், அதே மாவட்டத்தில் வட்டவளையில் 5,000ஐத் தாண்டும். எனக்கு வந்த முதல் எண்ணம், பிள்ளை எண்களை இட்டுக்கட்டியிருக்கிறாள் என்பது. 'தரவு பிழை' என்று சிவப்பில் எழுதி 32 புள்ளி போட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டேன். அன்று இரவு எழுபது தாள் மிச்சம் இருந்தது.

இதில் எனக்கு இன்றைக்கும் வலிக்கிற ஒரு விஷயம் உண்டு. மாறற் குணகம் என்பது நியம விலகலைச் சராசரியால் வகுத்து வருவது. மேலேயும் கீழேயும் ஒரே அலகு, ஆகவே அலகு வெட்டுப்பட்டுப் போய்விடும். மில்லிமீற்றரில் அளந்தாலும் அங்குலத்தில் அளந்தாலும் விடை ஒன்றுதான். அவளுடைய கணிப்பில் ஜூலை மாதத்துக்குக் குணகம் 30 வீதத்துக்குக் கிட்ட வந்திருந்தது, அந்தப் பக்கத்து மழைக்கு முழுக்கப் பொருந்துகிற விடை. இட்டுக்கட்டிய எண்ணில் அப்படி மாதத்துக்கு மாதம் ஒழுங்காக வராது, பொய் எண்கள் எப்போதும் அளவுக்கு மீறி வழுவழுப்பாக இருக்கும். இதை லெக்சரில் நான் படிப்பித்தே இருக்கிறேன். அந்தத் தாளில் பார்க்கவில்லை.

இருபது வீதம் பெறுமதியான எசைன்மன்ட் அது. பாடத்தின் மொத்தப் புள்ளி 57 ஆக நின்றது, பி மைனஸ்.

பத்து நிமிடம்

2018 தொடக்கத்தில் முதலாம் வருடப் பெறுபேறு வந்தது. ஸ்பெஷலுக்கு விண்ணப்பிக்க இரண்டு வாரம். அவள் என் அறைக்குப் படிவத்தோடு வந்தாள். தேவையான புள்ளி இருந்தது, ஆனால் வரிசையின் கடைசிப் பக்கம். வெளியே இன்னும் ஆறு பேர் நின்றார்கள். நான் பெறுபேற்றுத் தாளைப் பார்த்தேன், காலநிலையியலில் பி மைனஸ், கணிப்புப் பகுதி பலவீனம் என்று முடிவெடுத்தேன். பிறகு பேசத் தொடங்கினேன், கிட்டத்தட்ட இப்படி:

"இங்க பாரும்மா, ஸ்பெஷல்னா நாலு வருஷம். ஆய்வுக் கட்டுரை எழுதணும், வாசிப்பெல்லாம் இங்கிலிஷ்ல. ஜெனரல்னா மூணு வருஷத்துல வெளியே போயிரலாம். வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். தங்கச்சி வேற படிக்கிறா. ஒரு டீச்சர் வேலை எடுத்துட்டு அப்புறமாப் படிக்கலாம்தானே?"

"சரி சேர்" என்றாள்.

"வீட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?"

"இல்ல சேர்."

படிவத்தை அங்கேயே ஜெனரலுக்கு நிரப்பினோம். நான் கையெழுத்துப் போட்டேன். எல்லாம் பத்து நிமிடம். அவள் போன பிறகு நல்ல காரியம் செய்த திருப்தியோடு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன், ஒரு லயத்துக் குடும்பத்துக்கு ஒரு வருடச் செலவை மிச்சப்படுத்திக் கொடுத்துவிட்டேன் என்ற நினைப்பு.

இப்போது அந்தப் பேச்சை எழுதிப் பார்த்தால், நான் கேட்ட ஒரே உண்மையான கேள்வி கடைசியில் வருகிறது, அதுவும் 'இல்லை' என்று மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்வி. அதற்கு முன்னால் நான் சொன்னது முழுவதும் தீர்ப்பு. தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்குப் பெரியவர்கள் சொல்வதற்கு மறுபேச்சுப் பேசுவது லேசான காரியமில்லை. காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை இன்றைக்கு இந்த மலை என்றால் அந்த மலைதான், பாடசாலையில் வாத்தியார் சொன்னால் அதுதான். 'சரி' என்ற சொல் அங்கே 'கேட்டேன்' என்பதற்கும் 'விளங்கியது' என்பதற்கும் 'போகலாமா' என்பதற்கும் எல்லாம் வரும். நானும் அந்தச் 'சரி'யைச் சொல்லியே வளர்ந்தவன். மேசைக்கு இந்தப் பக்கம் வந்த பிறகு அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

கொஸ்லந்தையில்

அதே வருடம் செப்டெம்பரில் இரண்டாம் வருடப் பிள்ளைகளைக் களப்பயணம் கூட்டிப்போனோம். ஹப்புத்தளையில் இரவு தங்கி, பெரகலைச் சந்தியால் இறங்கி, கொஸ்லந்தை மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயங்களை மூடிய இடம். நான்கு வருடமாகியும் அந்த இடத்தில் நின்றால் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. பிள்ளைகளில் பாதிப் பேர் லயத்தில் வளர்ந்தவர்கள், அவர்களுக்கு நான் சரிவின் கோணத்தை விளக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

மண்சரிவு எச்சரிக்கை எப்படிக் கொடுக்கப்படுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகள்: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும், 150 தாண்டினால் எழும்பிப் போய்விட வேண்டும். கொப்பியில் எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு நடுவில் இவள் எழுதாமல் நின்றாள். பிறகு, என்னைப் பார்க்காமல், பக்கத்தில் நின்றவளிடம் சொல்வதுபோலச் சொன்னாள்:

"அப்போ மூணு அங்குலம், நாலு அங்குலம், ஆறு அங்குலம்."

மனக்கணக்கு. சரியான கணக்கு. "எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவள் பேசியது, அந்த ஒன்றரை வருடத்தில் என்னிடம் பேசிய மொத்தத்தையும்விடக் கூட.

"எங்க தோட்டத்துல மழைன்னா அங்குலந்தான் சேர். ஆபிஸுக்கு முன்னாடி மழை அளக்கிறது இருக்கு. தாத்தா வாச்சரா இருந்தப்போ காலையில அவருதான் அளந்து கிளாக்கர் ஐயாகிட்ட சொல்லுவாரு, ஐயா கொப்பில எழுதுவாரு. சின்னதுல நானும் கூடப் போவேன். ஜூன், ஜூலையில மூணு அங்குலம் அடிக்கடி வரும் சேர். அன்னைக்கும் வேலைக்குத்தான் போவாங்க. மூணு அங்குலத்துக்கு முழிச்சிருங்கன்னு சொன்னா, எங்க ஆளுங்க மாசத்துல எத்தனையோ நாள் முழிச்சிருக்கணும். அதான் யாரும் கேக்கிறதில்ல."

இதை மலைச் சரிவில் நின்றுகொண்டு, இருபது வயதுப் பிள்ளை சொல்கிறாள். ஓர் எச்சரிக்கை அளவு ஓர் ஊருக்கு அசாதாரணமாகவும் இன்னோர் ஊருக்கு அன்றாடமாகவும் இருக்கும்போது மக்கள் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பது நல்லதொரு ஆய்வுக் கேள்வி. கொஸ்லந்தைக்கு மழை தருவது ஒக்டோபரில் தொடங்கும் இடைப்பருவமும் வடகீழ்ப் பருவக்காற்றும், வட்டவளைக்குத் தென்மேல் பருவக்காற்று. இரண்டு ஊரின் மூன்று அங்குலமும் ஒன்றாகாது. நான் இதைப் படிப்பித்ததில்லை, அவள் வளர்ந்த விதத்தில் தெரிந்து வைத்திருந்தாள்.

அந்தக் கணத்தில்தான் 31.2 ஞாபகம் வந்தது.

கெம்பஸுக்குத் திரும்பிய இரவே அலுமாரியைத் திறந்து பழைய எசைன்மன்ட் கட்டைத் தேடினேன். 31.2ஐ 25.4ஆல் பெருக்கினால் 792 மில்லிமீற்றர். வட்டவளைக்கு நல்ல மழை பெய்த ஒரு ஜூலை. பத்து வருடத்தின் 120 எண்களையும் மாற்றிப் பார்த்தேன், ஒன்றும் பிசகவில்லை. மற்ற எல்லாப் பிள்ளைகளும் நான் கொடுத்த தாளைக் கொப்பி பண்ணியபோது, இவள் லீவில் வீட்டுக்குப் போய், தோட்ட ஆபிஸில் கேட்டு, பதிவுக் கொப்பியிலிருந்து கையால் எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள். அலகு போடாதது பிழைதான், அதற்கு ஐந்து புள்ளி குறைக்கலாம். அன்று மறுபடி திருத்திப் பார்த்தபோது எனக்கு வந்தது 75. அதைச் சேர்த்தால் பாடத்தின் மொத்தம் 65ஐத் தாண்டும், பி பிளஸ். நான் 'கணிப்புப் பகுதி பலவீனம்' என்று படித்த அதே பெறுபேற்றுத் தாள், நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால் வேறு தாளாக இருந்திருக்கும்.

கேட்டபோது

அடுத்த நாள் அவளைக் கூப்பிட்டேன். அறையில் வேண்டாம் என்று கென்டீனில் உட்கார்ந்தோம். எசைன்மன்டைக் காட்டி, இது என்னுடைய பிழை என்று சொன்னேன். அப்புறம் கேட்டேன், ஸ்பெஷல் செய்ய விருப்பம் இருந்ததா?

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "இருந்துச்சு சேர். நீங்க முடிவு பண்ணிட்டீங்கன்னு நினைச்சேன்" என்றாள்.

வீட்டில்? அங்கேதான் எனக்கு இன்னும் பெரிய அடி. அவள் கெம்பஸுக்கு எடுபட்ட மாதத்திலேயே, யாரோ ஸ்பெஷல்னா நாலு வருஷம் என்று சொன்னதைக் கேட்டு, அம்மா ஒரு சீட்டில் சேர்ந்திருக்கிறார். மாதம் 2,000 ரூபாய். நாலாவது வருடத்துக்கென்றே. 730 ரூபாய் பேரில் மாதம் 2,000 ஒதுக்குவது என்னவென்று எனக்கு விளக்கத் தேவையில்லை. அந்தக் குடும்பம் நாலு வருடத்துக்குத் தயாராகி இருந்தது, கணக்குப் போட்டு முடித்திருந்தது. வீட்டு நிலைமை எனக்குத் தெரியும் என்று நான் சொன்னேனே, நான் சொன்னது எங்கள் வீட்டு நிலைமையை, அண்ணன் புறக்கோட்டைக்குப் போன அந்த வருடத்தின் நிலைமையை.

ஜெனரலுக்குப் போகிறேன் என்று அவள் சொன்னபோது அம்மா என்ன சொன்னார் என்று கேட்டேன். "சேர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னாங்க."

திருத்தப் பார்த்தது

புள்ளியைத் திருத்தவும் ஸ்பெஷலுக்கு மாற்றவும் கேட்டு, பிழை என்னுடையது என்று ஒப்புக்கொண்டு கடிதம் எழுதினேன். துறையில் ஆதரவு கிடைத்தது. மேலே போன இடத்தில் பெறுபேறு உறுதிப்படுத்தப்பட்டுவிட்டது, விண்ணப்பத் திகதி முடிந்து ஏழு மாதமாகிவிட்டது, ஒருவருக்குத் திறந்தால் எல்லாருக்கும் திறக்க வேண்டி வரும் என்றார்கள். இரண்டு தடவை எழுதினேன், இரண்டு தடவையும் அதே பதில். விதி ஏன் அப்படி இருக்கிறது என்று எனக்கு விளங்குகிறது. ஆனால் விரிவுரையாளரே எழுத்தில் ஒப்புக்கொண்ட பிழைக்கு ஒரு வழியும் இல்லாத விதி சரியில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன், கூட்டங்களில் சொல்லிக்கொண்டும் இருக்கிறேன்.

ஆக அவள் ஜெனரலையே முடித்தாள். ஆய்வுக் கட்டுரை எழுதக் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக, புள்ளி எதுவும் இல்லாமல், வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் நாங்கள் இரண்டு பேரும் தோட்டத்து மழைக் கொப்பியைக் கணினியில் ஏற்றத் தொடங்கினோம். 2018 டிசம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,000 ரூபாய் கேட்டுத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது அவள் இரண்டு வாரம் வரவில்லை. பஸ் காசு இல்லையோ என்று நான் நினைத்தேன். இந்தத் தடவை நினைப்போடு நிற்காமல் போன் பண்ணிக் கேட்டேன். தங்கச்சிக்குப் பரீட்சை, பக்கத்தில் இருந்து படிப்பிக்கிறாளாம். சீட்டுக் காசு பிறகு அந்தத் தங்கச்சியின் உயர்தர வகுப்புகளுக்குப் போனது. 2020இல் அரசாங்கம் பட்டதாரிகளை வேலைக்குச் சேர்த்தபோது இவளுக்கும் நியமனம் கிடைத்தது, இப்போது மலையகத்தில் ஒரு பாடசாலையில் இருக்கிறாள். வேலை கிடைத்ததே, பிறகென்ன என்று ஒரு நண்பர் கேட்டார். அவள் விரும்பியது ஆய்வு. ஜெனரல் பட்டத்தோடு ஆய்வுப் பட்டத்துக்குப் போக முதலில் தகுதிப் படிப்பு ஒன்றை முடிக்க வேண்டும், அந்த வருடமும் செலவும் இப்போது அவள் கையிலிருந்து போகிறது.

இப்போது என் அறையில்

படிவத்தை வந்த நாளிலேயே நிரப்புவதில்லை. முதல் நாள் நான் அபிப்பிராயம் சொல்வதில்லை, கேட்பது மட்டும்தான், அதுவும் ஆம் இல்லை என்று முடிக்க முடியாத கேள்விகள்: வீட்டில் இதைப் பற்றிப் பேசியபோது யார் என்ன சொன்னார்கள், காசுக்கு என்ன யோசித்து வைத்திருக்கிறீர்கள், எந்தப் பாடம் படிக்கும்போது நேரம் போவது தெரியவில்லை. இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்கள் நான் எண்ணியே பார்த்திராதவை. ஒருவனுடைய மாமா திருப்பூரிலிருந்து அனுப்புகிறார், ஒருத்தியின் பாட்டி ஈ.பி.எஃப். காசை அப்படியே வைத்திருக்கிறார். 'சரி சேர்' வந்தால், "சரின்னா எது சரி, உன் வாயால சொல்லு" என்று கேட்கிறேன். தொடக்கத்தில் பிள்ளைகள் மிரளுவார்கள், பிறகு பழகிவிடுவார்கள்.

இது எல்லா நேரமும் வேலை செய்வதுமில்லை. ஒரு பிள்ளை மூன்று தடவை வந்தும் "நீங்களே சொல்லுங்க சேர்" என்றே நின்றாள், நானும் பிடிவாதமாகச் சொல்லாமல் இருந்தேன். கடைசியில் அவள் அழுதுவிட்டாள். சேருக்கு என்னில் அக்கறை இல்லை என்று நினைத்திருக்கிறாள். வீட்டில் கெம்பஸைப் பற்றித் தெரிந்த ஆள் ஒருவரும் இல்லாத பிள்ளைக்கு, தெரிந்த ஒருவன் வாயை மூடிக்கொண்டிருப்பது கைவிடுவது போலத்தான் தெரியும். அதனால் இப்போது இரண்டாவது சந்திப்பில் என் அபிப்பிராயத்தைக் காரணத்தோடு சொல்கிறேன், எதை வைத்து அப்படிச் சொல்கிறேன் என்றும் சொல்கிறேன், அண்ணன் கதை உட்பட. அதைச் சொன்னால் சில பிள்ளைகள், "எங்க வீட்டுல அப்படி இல்ல சேர்" என்று உடனே சொல்கிறார்கள். அந்த வாக்கியத்தைக் கேட்கத்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

எசைன்மன்டில் ஒவ்வாத எண் வந்தால் புள்ளி போடுவதற்கு முன் ஆளைக் கூப்பிட்டுக் கேட்கிறேன். வருடத்துக்கு நாலைந்து தடவை நடக்கும். பாதி நேரம் உண்மையாகவே பிழையாகத்தான் இருக்கும். மிச்சப் பாதியில் ஒரு தடவை, வெலிமடையில் அப்பாவின் உருளைக்கிழங்குக் காணியை அடிக்கணக்கில் அளந்துகொண்டு வந்த பையன் ஒருவன் கிடைத்தான்.

மழைக் கொப்பி வேலை முடியவில்லை. 1994 வரை ஏற்றிவிட்டோம். அதற்கு முந்தியவை ஆபிஸின் பின் அறையில் இருக்கின்றன, இரண்டைக் கறையான் அரித்துவிட்டது, மிச்சத்தைப் போட்டோ எடுக்கப் தோட்டத்தின் புது மேலாளரான துரையிடம் அனுமதிக் கடிதம் கொடுத்தாயிற்று. மூன்று அங்குலத்துக்கு மேல் பெய்த நாட்களை வருட வாரியாக எண்ணிப் பார்க்க அவளுக்கு அந்தப் பழைய பதிவு வேண்டும். ஆகஸ்ட் லீவுக்கு அவளுடைய பாடசாலை மூடியதும் இரண்டு பேரும் போகிறோம். தாத்தா இன்னும் இருக்கிறார். கிளாக்கரின் எழுத்தில் எது ஒன்று, எது ஏழு என்று அவருக்குத்தான் தெரியுமாம்.